பதினேழு நீதியரசர்களும் எங்கள் ஒழுங்கையும்

2020 செப்டம்பர் 8
கொழும்பு புதுக்கடையிலிருந்து இப்போதுதான் வந்தேன். ஏழாவது தடவை. வழக்குப் பட்டியல் நீளமாம், உச்ச நீதிமன்றத்தில் இன்றும் எங்கள் முறை வரவில்லை.

“இருக்கிறதே பதினொரு நீதியரசர், அக்கா,” என்றார் என் வழக்கறிஞர் சசிகரன். “அரசியலமைப்பின்ர இருபதாம் திருத்தத்தில பதினேழாக் கூட்டப்போறாங்கள். கூட்டினா உங்கட வழக்கும் அசையும்.”

எதிராளியான பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம் அண்ணையும் நானும் போவதும் வருவதும் ஒரே பஸ்ஸில். வழியில் ஹபரணையில் தேத்தண்ணி வாங்கித் தந்தவர் அவர். எங்கள் வீட்டுக்கு வரும் ஒரே வழியான ஒழுங்கைக்குக் கேற் போட்டுப் பூட்டியவரும் அவர்தான்.

செப்டம்பர் 17
என் கணவருக்குக் கிளினிக். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து மூன்று வருடம். ஓட்டோ வீட்டடிக்கு வராது. பின்வளவால், கழிவுநீர்க் கானைத் தாண்டி, இருந்த கதிரையோடு அவரைத் தூக்கினோம். இவர் கண்ணை மூடிக்கொண்டார். வெட்கம். எனக்கோ ஆத்திரம். நேரே போய்க் கேட்டேன்.

“திறந்துவிட எனக்கு விருப்பம்தான், தங்கச்சி,” என்றார் அண்ணை. “திறந்தா, உங்களுக்கு வழி உரிமை இருக்கெண்டு ஒப்புக்கொண்ட மாதிரியாம். என்ர லோயர் விடுறாரில்லை. தீர்ப்பு வரட்டும். எந்தப் பக்கம் வந்தாலும் திறக்கிறன்.”

பொய் சொல்லும் மனிதர் இல்லை. அதுதான் இன்னும் களைப்பாக இருக்கிறது.

ஒக்டோபர் 4
யாழ்ப்பாணத்தில் சட்டம் படிக்கும் மகள் கீர்த்தனியோடு போனில் சண்டை. திருத்தம் வந்தால் நல்லது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“கூடுற நீதியரசர்மாரை ஆர் நியமிக்கிறதெண்டு வாசிச்சியளோ, அம்மா? எல்லாம் ஜனாதிபதி ஒரு ஆளிட கையில. உங்கட ஒழுங்கைக்காக நாட்டை எழுதிக் குடுப்பியளோ?”

வாசித்தேன். அவள் சொல்வது சரி. ஆனால் தகப்பனைத் தூக்கும் கதிரையின் ஒரு காலை அவள் ஒருநாளும் பிடித்ததில்லையே.

ஒக்டோபர் 22
திருத்தம் நிறைவேறிவிட்டது. சந்தோசப்பட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் 14
புதியவர்கள் பதவியேற்றுவிட்டார்கள். எங்களுக்கும் திகதி வந்தது: ஜூலை 6. “இந்த முறை கட்டாயம் விசாரணைக்கு எடுபடும்,” என்றார் சசிகரன். வேலிக்கு மேலால் அண்ணையிடம் சொன்னேன். “அப்பாடா,” என்றார். எதிராளி பேசும் பேச்சா அது!

2021 ஜூன் 9
பாக்கியரத்தினம் அண்ணை போய்விட்டார். மாரடைப்பு.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை — எனக்கு முதலில் தோன்றியது இதுதான். சீ, என்ன மனுசி நான். பிறகுதான் அழுதேன்.

ஜூன் 23
மேன்முறையீடு செய்தவள் நான் என்பதால், இறந்தவரின் வாரிசுகளை வழக்கில் சேர்ப்பதும் என் பொறுப்பாம். ஜூலை 6 என்ற திகதியும் போயிற்று. செத்த வீட்டில் போய்ப் பெயர் விபரம் கேட்க வேண்டும். எந்த முகத்தோடு கேட்பது?

ஜூலை 12
முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு போனேன். அண்ணையின் மனைவி நேசமலர் அக்கா கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். தன் பெயர், ஐந்து பிள்ளைகளின் பெயர். இரண்டு பேர் கனடாவில். மற்றவர்கள் லண்டன், மெல்பேர்ன், நோர்வே. அத்தனை பேருக்கும் அறிவித்தல் போய்ச் சேர வேண்டும். உச்ச நீதிமன்றத்துக்கு நீதியரசர் ஆறு பேர் கூடுதலாக வந்தார்கள். எனக்கு எதிராளியும் ஒருவர் போய் ஆறு பேர்.

கேற்றைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவராகவே சொன்னார்: “பிள்ளையள் வழக்கு முடியுமட்டும் திறக்க வேண்டாமாம். நான் என்ன செய்ய, தங்கச்சி?”

ஓகஸ்ட் 3
சசிகரன் போன் எடுத்தார். பத்திரங்கள் தயாராம். குரலைத் தாழ்த்தி, “குறை நினைக்காதேங்கோ, அக்கா. இனி எத்தினை வருசமோ தெரியாது. உங்கட பக்கத்து வாரிசு விபரத்தையும் ஒருக்காத் தந்து வையுங்கோ,” என்றார்.

கீர்த்தனியிடம் சொன்னேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். பேனை தேடும் சத்தம் கேட்டது.

“என்ர முழுப்பேர் மட்டும் காணுமோ அம்மா, அடையாள அட்டை நம்பரும் வேணுமோ?” என்றாள்.