ஜெபத்துடன் ஒருமனதாக

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். உன் அண்ணிக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. குளிரைக் காரணம் சொல்லி நீ சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று அவள் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

போனில் நீ உன் வலிதணிப்பு வார்டைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றியது உனக்குத் தெரியாமல் இருக்காது. என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் வார்டை மூடிவிட்டார்கள். மூட முடிவெடுத்த குழுவில் நானும் இருந்தேன்.

நம் மருத்துவக் கல்லூரிக்குப் பத்தாண்டுத் திட்டம் போடப்போகிறார்கள் என்று நீ மேற்படிப்புக்குக் கிளம்பும்போதே பேச்சு அடிபட்டது. சிற்றாலயப் போதகன் என்பதால் குழுவில் எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். நான் உள்ளே இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் நீ விமானம் ஏறினாய்.

திட்டம் போட்டுக் கொடுக்க வெளியிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்தார்கள். நல்ல மனிதர். எல்லோருக்கும் கலர் கலராக ஒட்டுக் காகிதம் கொடுத்து, மனதில் தோன்றுவதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டம். நோக்க வாசகத்தில் 'சேவை' முதலில் வருவதா, 'சிறப்பு' முதலில் வருவதா என்று ஒரு காலை முழுக்கப் பேசினோம். எலும்பியல் பேராசிரியர் இருக்கிறாரே, நம் இடிமுழக்கம், அவர் சேவைக்காக மேஜையைத் தட்டினார். சேவைதான் ஜெயித்தது. அன்று மத்தியானமே உன் வார்டின் பெயரை யாரோ ஒரு மஞ்சள் காகிதத்தில் எழுதிப் 'பலவீனம்' கட்டத்தில் ஒட்டியிருந்தார்கள். நான் எடுத்துப் 'பலம்' கட்டத்தில் ஒட்டினேன். தேநீர் குடித்துவிட்டு வந்தால் அது பழைய இடத்துக்கே போயிருந்தது.

அவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஒருதலையாகப் பேசுவேன். ஆய்வுக் குழு வரப்போகிறது. மாணவர்கள் செய்து பழகப் பயிற்சிக்கூடம் இல்லாவிட்டால் மாணவர் சேர்க்கை இடங்களைக் குறைத்துவிடுவார்கள். தரைத்தளத்தில் அதற்கு வேண்டிய கட்டில் போடும் அளவுக்குப் பெரிய கூடம் உன் வார்டு ஒன்றுதான். அங்கே யாரும் குணமாகிப் போவதில்லை, மாணவர்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றும் ஒருவர் கேட்டார். சாகிறவர் பக்கத்தில் உட்காரக் கற்றுக்கொள்ளலாம் என்றேன். குனிந்து குறித்துக்கொண்டார்கள். எதைக் குறித்தார்களோ.

நம் கல்லூரி வழக்கம் உனக்குத் தெரியும். இங்கே யாரும் கை தூக்கி வாக்குப் போடுவதில்லை. வாக்கு பிரிக்கும், ஜெபம் சேர்க்கும் என்று முதல்வரம்மா அன்றும் சொன்னார்கள். வார்டு விஷயத்தில் பேச்சு முடியவே இல்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோதே, நேரமாகிவிட்டது, போதகர் ஜெபம் பண்ணி முடிக்கட்டும் என்றார்கள். விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுகிறார்கள் என்றே நினைத்தேன். கண்ணை மூடி, எத்தனையோ கூட்டங்களில் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னேன். இங்கே கூடிப் பேசியதையெல்லாம் உமது சித்தப்படி வாய்க்கப்பண்ணும், ஆண்டவரே. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். இடிமுழக்கமும் சொன்னார். அவரவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பி வார்டைப் பயிற்சிக்கூடமாக்கும் தீர்மானம் ஜெபத்துடன் ஒருமனதாக ஏற்கப்பட்டதாம்.

நேரே முதல்வரம்மா அறைக்குப் போனேன். உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள்தானே, எடுத்துச் சொன்னால் புரியும் என்று நம்பினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள். கண் கலங்கியது கூட நிஜம்தான், நடிப்பில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்கள்: "பாஸ்டர், நீங்க பண்ணின ஜெபத்த நீங்களே வேண்டாம்னு சொல்லப் போறீங்களா?"

சுற்றறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, அந்த ஆமெனை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். யாரோ இருமினார்கள். இடிமுழக்கம் ஜன்னலைப் பார்த்தார். ஆலோசகர் மட்டும் மரியாதையாக, இதை எந்தக் கட்டத்தில் ஒட்டுவது என்று கேட்டார். அவரைக் கோபித்துப் பயனில்லை, அவருக்கு அது உண்மையிலேயே சந்தேகம். அன்று இறுதி ஜெபத்தைக் கண் மருத்துவத் துறைத் தலைவர் பண்ணினார்.

நோயாளிகளை ஒவ்வொருவராக அனுப்பினார்கள். வீடு உள்ளவர்கள் வீட்டுக்குப் போனார்கள். வீடு இல்லாதவர்கள் எங்கே போனார்கள் என்று நான் விசாரித்தவரை நல்ல பதில் கிடைக்கவில்லை. இப்போது உன் கூடத்தில் பொம்மைகள் படுத்திருக்கின்றன. மூச்சு விடுகின்றன, இருமுகின்றன, மாணவன் தப்புச் செய்தால் செத்துப்போகின்றன. பொத்தானை அமுக்கினால் மறுபடி பிழைத்துக்கொள்கின்றன. கூடத்தைத் திறந்துவைக்கும் அர்ப்பணிப்பு ஜெபத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன்.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்த தையலம்மாவைப் பற்றித்தான் நீ முதலில் நினைத்திருப்பாய். இடுப்பெலும்பு வரை நோய் இறங்கிவிட்டது. அவர் தம்பி வந்து பார்த்தார், தன் வீட்டில் திரும்பிப் படுக்கவே இடமில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது, போவதற்கு இடமில்லை. அப்போது தையலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அய்யா, இந்தக் கட்டில்லதான் இருப்பேன்னு டாக்டரம்மா கிட்ட சொல்லியிருக்கேன். அவங்க வந்தா என்னை எங்கன்னு தேடுவாங்க?"

உன் அண்ணி ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்து, நம் வீட்டுக்கு விடச் சொன்னாள். என் படிப்பறையில் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு ஜன்னலோரமாகக் கட்டில் போட்டிருக்கிறோம். இதை அந்த அறையிலிருந்துதான் எழுதுகிறேன். சற்று முன்புதான் கண் அயர்ந்தார்.

வலி அதிகமாகிவிட்டது. நீ எழுதிக் கொடுத்த மாத்திரைகள் டப்பாவின் அடிக்கு வந்துவிட்டன. உனக்குப் பதிலாக இருந்த சின்ன டாக்டரை வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். இது மார்பின், போதை மருந்துக் கணக்கில் வருவது என்று எழுதிக் கொடுக்க மற்றவர்கள் பயப்படுகிறார்கள். ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். நானும் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குகிறேன். போதகர் என்று நாற்காலி போடுகிறார்கள், மருந்துச் சீட்டு மட்டும் தரமாட்டேன் என்கிறார்கள்.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வா என்று உன்னிடம் எப்படிக் கேட்பேன்? எந்த வார்டுக்காகப் படிக்கப் போனாயோ அந்த வார்டே இல்லை. வந்து நீ என்னைத் திட்டினாலும் சரி, ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் சரி. உன் கட்டில் ஒன்றுதான் மிச்சம், அது என் வீட்டில் இருக்கிறது.

சாயங்காலமானால் தையலம்மா ஜெபம் பண்ணச் சொல்கிறார். நீ வந்து சேர வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். கடைசியில் ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்திவிடுகிறேன். அவர் எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, தானே சொல்லி முடித்துக்கொள்கிறார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வழக்கமாக இதற்குக் கீழே நான் எழுதும் வார்த்தையை இந்தத் தடவை எழுதவில்லை. நீ வந்து கதவைத் தட்டு. தையலம்மா காதில் விழும்படி சேர்ந்து சொல்வோம்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணன்