காய்ச்சல் விட்ட பிறகு

18 ஜனவரி 1937, நெட்டப்பாக்கம்
விஷக்காய்ச்சல் விட்டு இன்றோடு பத்து நாள். எனக்குச் சோறு இறங்குகிறது. நம் ஏற்றம் மிதிக்கும் ஆதிமூலமும் பிழைத்து எழுந்துவிட்டான். நாளை மறுநாள் முதல் தண்ணீர் இறைக்க வரச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரர் போய் நாலு வருஷம். ஒரு போகத்தையும் நான் தரிசு போட்டதில்லை.

20 ஜனவரி
இருபது சால் இறைப்பதற்குள் ஆதிமூலம் இறங்கிவிட்டான். முகமெல்லாம் வேர்வை.
"மாரு படபடன்னு அடிச்சிக்கிதும்மா."
"எனக்கும் அதே காய்ச்சல்தானடா. நான் எழுந்து நடக்கலையா?"
மறுபடி ஏறினான்.

22 ஜனவரி
அவன் மனைவி ரோசம்மாள் வந்தாள். "படுத்தா மூச்சு முட்டுதும்மா அதுக்கு. காலு வேற வீங்கிக் கெடக்குது. நாலு நாளு வுட்டுடுங்கம்மா."
பயிர் காய்கிறது என்றேன். வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

25 ஜனவரி
ஆதிமூலம் ஏற்றமரத்தின் மேலேயே சுருண்டுவிட்டான். கீழே கிணறு. சால் பிடித்திருந்த சுப்புராயன் ஏறிப்போய்க் கட்டிப்பிடித்து இறக்கினான். உதடெல்லாம் நீலம். கூண்டு வண்டியில் வில்லியனூர் ஆஸ்பத்திரிக்கு — வழியெல்லாம் அவன் தலை ரோசம்மாள் மடியில். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.
போயிடுவானோ? போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?

26 ஜனவரி
டாக்டர் மார்பில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். காய்ச்சல் விட்டாலும் அதன் அழற்சி இருதயத்தில் தங்கிவிட்டதாம். தசை வீங்கித் தளர்ந்திருக்கிறதாம்.
"இந்த நெலமையில யாரு வேலைக்கு அனுப்புனது?"
ரோசம்மாள் அவன் போர்வையை இழுத்துவிட்டாள்.
"நான்தான்" என்றேன்.
மூன்று மாதம் படுக்கை. அதுவரை உயிர் தங்கினால்.

2 பிப்ரவரி
கால் வீக்கம் வடியவில்லை.

11 பிப்ரவரி
பாதிப் பயிர் கருகிவிட்டது. அண்ணன் நாகராஜன் வந்தார். "அவனக் காலி பண்ணிட்டு, ஒன் நெலத்துக் குடிசையில வேற ஆள வையி."
"அவன் பொழச்சாலும் செத்தாலும் அந்த வூடு அவங்களுதுதான்" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.
இதனால் நான் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா? ஆகாது.

7 மார்ச்
வீக்கம் வடிகிறது. கஞ்சி கேட்டானாம்!

29 ஏப்ரல்
மீந்த பயிரை அறுத்தோம். ஆதிமூலம் தானே களத்துக்கு நடந்து வந்தான். கூப்பிடு தூரம்தான், மூன்று இடத்தில் நின்றான். இனி ஏற்றம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.
"காவலுக்காவது இருக்கறேம்மா."
"இரு" என்றேன்.
மூச்சு வாங்க நின்றுகொண்டே இருந்தான். நான் நிற்கும்வரை அவன் உட்காரமாட்டான் என்பது அப்போதுதான் உறைத்தது. களத்து மேட்டில் உட்கார்ந்தேன். கொஞ்சம் தயங்கிவிட்டு அவனும் உட்கார்ந்தான்.