பதினோரு வீட்டுக்குப் பதினோரு சேனல்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் நீ சுகமாக இல்லை என்பது நேற்று உன் சித்தி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நீயும் மாப்பிள்ளையும் பிரிந்து இரண்டு மாதம் ஆகிறதாம், தோழி வீட்டு ஹாலில் படுத்துக்கொள்கிறாயாம். அதோடு விட்டாளா, "அங்க வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமான்னு கேட்ட பொண்ணுகிட்ட, அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்ல அத்தானுக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு" என்று அம்மாவிடம் அழுதிருக்கிறாள். நேற்று மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுக்காததில் தப்பே இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். நீ கேட்டது என் காதில் விழவே இல்லை என்பதும் உண்மை. அதற்கு யார் காரணம் தெரியுமா, உன் அப்பனேதான். மூன்று மாதம் முன்பு குடியிருப்புக் கூட்டத்தில் வைஃபை இழுக்கிறது என்று எல்லோரும் புலம்பினார்கள். விசாரித்ததில் எல்லா வீட்டு ரூட்டரும், அந்த வைஃபை பெட்டிதான், ஒரே அலைவரிசையில், ஆறாம் சேனலிலேயே இருந்தது. ரூட்டரில் இருப்பதோ பதினோரு சேனல், நம் கட்டடத்தில் இருப்பதும் பதினோரு வீடு. டிப்போவில் முப்பது வருஷம் பஸ்ஸுக்கு பஸ் இடம் பிரித்துக் கொடுத்த கை சும்மா இருக்குமா. வீட்டுக்கு ஒரு சேனல், ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் வரக்கூடாது என்று செயலாளர் என்று நானே கையெழுத்துப் போட்டு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். நமக்கு ஐந்து, பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியாருக்கு நான்கு. மூன்றாம் மாடிப் பெண், அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுத் தருகிறவள், அன்றைக்கே இறங்கி வந்து சொன்னாள். "அங்கிள், இது பஸ் நிக்கற இடம் மாதிரி தனித்தனியா இல்ல, ஒவ்வொரு சேனலும் அக்கம்பக்கத்து நாலஞ்சு சேனல் மேல படியும். ஒரே சேனல்ல இருந்தா ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குப் புரியும், முடியட்டும்னு காத்திருக்கும். பக்கத்து சேனல்ல இருந்தா அது வெறும் இரைச்சல், ஒண்ணு மேல ஒண்ணு பேசிக் கெடுத்துக்கும். ஒண்ணு, ஆறு, பதினொண்ணு, இந்த மூணு போதும்" என்றாள். நான் கேட்டேனா? ஒரே இடத்தில் நான்கு பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறாயே அம்மா என்று சிரித்து அனுப்பிவிட்டேன். மறுவாரமே வாத்தியாரின் ஆன்லைன் வகுப்பு நடுநடுவே நின்றுபோனது. அவர் வந்து கேட்டதற்கு, உங்கள் பெட்டி பழசு என்று அவர் தலையிலேயே கட்டினேன்.

ஐந்து வாரம் முன்பு அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். உன் முகம் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. குரல் துண்டு துண்டாக வந்து, பிறகு அதுவும் நின்றது. கேட்கவில்லை, திரும்பச் சொல் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா காதில் விழும், உங்கள் லிஃப்ட் நோட்டீஸ் லட்சணம் இதுதானா என்பாள். அந்த வீம்புக்காக, கேட்காதபோதெல்லாம் நான் சொல்லும் அந்த வார்த்தையை அன்றைக்கும் சொன்னேன், அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா என்று. அதற்கு நீ "சரிப்பா" என்றாய். பாவி எனக்கு அது மட்டும் சுத்தமாகக் கேட்டது. என்ன சொன்னாள் என்று அம்மா கேட்டாள், நன்றாக இருக்கிறாளாம் என்று கூசாமல் சொன்னேன். பிறகு நீ கூப்பிடுவதே இல்லை, வேலை அதிகம் என்று எழுதினாய். பெரிய ஆளாகிவிட்டாள் என்று கேலி வேறு செய்தேன். நீ இந்த ஐந்து வாரமும் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பாய் என்று நேற்று ராத்திரி முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அந்த நோட்டீஸை நானே கிழித்தேன். மூன்றாம் மாடிப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அவள் ஒன்றும் சொல்லிக்காட்டாமல் கூடவே வந்து வீடு வீடாக மாற்றினாள். நாமும் வாத்தியாரும் இப்போது ஆறிலேயே இருக்கிறோம், முறை வைத்துப் பேசிக்கொள்கிறோம். செயலாளர் வேலையையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். அதற்காக உன் அறையில் அடைத்து வைத்திருந்த ஃபைல்களையெல்லாம் வெளியே எடுத்தாயிற்று. கட்டிலுக்குப் புது மெத்தை விரித்திருக்கிறாள் அம்மா, ஜன்னல் கொக்கியை நான் சரிசெய்தேன். மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்பேன், புரியாவிட்டால் திரும்பச் சொல் என்பேன்.

கொஞ்ச நாள் என்று கேட்டாயாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, இது உன் வீடு. குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. நீ மனம் தேறி நன்றாக இருக்க எங்கள் இருவர் ஆசியும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கிளம்பும்போது வரட்டுமா என்று கேட்டுப் போன் செய்யாதே. நேராக வந்து மணியை அடி.

கேட்காமலே பதில் சொன்ன
உன் அப்பா