எலும்புக்குள் இருக்க வேண்டியவர்கள்

இன்று காலை இரத்தப் பரிசோதனைக்காக மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஆய்வுகூடத்துக்குப் போனேன். உள்ளே கால் வைத்ததும் ஸ்பிரிட் வாசம் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான் மச்சான், இத்தனை வருஷத்துக்குப் பிறகு நீ வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். அங்கிருந்த பிள்ளை என் கையில் இரத்தம் எடுத்து, சின்னக் குழாய் ஒன்றில் விட்டு, ஒரு பெட்டிக்குள் வைத்தாள். கண்ணாடிச் சிலைட்டில் பூசிப் பார்க்கமாட்டீர்களா என்று கேட்டேன். "மெஷினே எண்ணிரும் ஐயா. பின்னேரம் வந்து ரிப்போர்ட்ட எடுங்க" என்றாள். மரியாதையான பிள்ளைதான். ஆனாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

அந்தக் கோபத்தை யாரிடம் சொல்ல? மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் கடல் கடந்து போய், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறான். அவனிடம் இரத்தத்திலுள்ள செங்குழியத்தைப் பற்றிப் பேசினால் அப்பாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று பயந்துவிடுவான். வீட்டில் ரேடியோ பேசும், நான் கேட்பேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ வாசிக்கப்போவதில்லை என்று தெரியும். இருந்தபோது மட்டும் வாசித்தாயா என்ன? கோழி கிண்டின மாதிரி எழுதுகிறாய் என்று சொல்லி, என் எழுத்தைத் தள்ளித்தானே வைப்பாய்.

மலேரியா ஆபீசின் அந்த நீள மேசை நினைவிருக்கிறதா? ஜன்னல் பக்கம் உன் நுணுக்குக்காட்டி, சுவர்ப் பக்கம் என்னுடையது. வெளிச்சமான இடத்தை நீ முதல் நாளே பிடித்துக்கொண்டாய், கடைசிவரை விட்டுத்தரவில்லை. லக்கலவிலிருந்தும் வில்கமுவவிலிருந்தும் காய்ச்சல்காரர்களின் இரத்தம் சிலைட்டில் பூசி, கடதாசியில் சுற்றி, பஸ்ஸில் வரும். அதில் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை. பஸ் வராத நாளில் நமக்கும் வேலை இல்லை. வந்தாலும் சில சிலைட்டில் இரத்தத்தை எறும்பு தின்று முடித்திருக்கும். "எறும்புக்குக் காய்ச்சல் வரல்லயா பாரு மச்சான்" என்று என் பக்கம் தள்ளிவிடுவாய்.

அந்த ஆபீசில் நமக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. புதிதாகச் சாயம் கலக்கினால் ஊரார் இரத்தத்தில் முதலில் ஊற்றுவதில்லை. நம் இருவரில் ஒருவர் விரலைக் குத்தி, ஒரு படலம் பூசி, அதில் சோதித்துப் பார்ப்போம். ஒரு தடவை நீ, மறு தடவை நான். சாயம் சரியென்றால் செங்குழியங்கள் வெளிர்ந்த ரோஜா நிறத்தில், நடு கொஞ்சம் மங்கி, வட்ட வட்டமாகத் தெரியும். அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்குழியம், கரு ஊதா நிறத்தில். இப்படி எத்தனை வருஷம் உன் இரத்தத்தை நானும் என் இரத்தத்தை நீயும் பார்த்தோம்! உன்னைப் பெற்ற உம்மாவுக்குக்கூட உன்னை அப்படித் தெரிந்திருக்காது.

பிறகு அறுபதுகளில் ஒரு காலம் வந்தது, மலேரியா அடங்கிப்போன காலம். சிலைட் மேல் சிலைட்டாகப் பார்த்தாலும் கிருமி இல்லை. ஊருக்கு நல்லது, நமக்கு அலுப்பு. நான் அந்த அலுப்பில் பேப்பர் படித்தேன். நீ சும்மா இருக்கிற ஆளா? கண்டியில் எங்கேயோ பழைய விலங்கியல் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து, கண்ணில் பட்டதையெல்லாம் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைக்கத் தொடங்கினாய். முதலில் வெங்காயத் தோல். பிறகு உன் கன்னத்தின் உட்பக்கத்தைத் தீக்குச்சியால் சுரண்டி எடுத்த மேலணி இழையம்; அதன் கலங்கள், அதுதான் செல்கள், தட்டையாக, தரைக்கு ஓடு பதித்த மாதிரி. என்னையும் சுரண்டச் சொன்னாய். நான் அப்போதுதான் வெற்றிலை போட்டிருந்தேன். என் கலங்களைப் பார்த்துவிட்டு, இது மனிதக் கன்னமா சுண்ணாம்புச் சட்டியா என்று கேட்டாய்.

அதோடு விட்டாயா? உன் சாச்சாவின் இறைச்சிக் கடையிலிருந்து வாழையிலையில் சுற்றி ஏதாவது கொண்டுவருவாய். ஆட்டுத் தசையை உப்புத் தண்ணீரில் போட்டு, இரண்டு ஊசியால் நார் நாராகப் பிரித்து, குறுக்கே ஓடும் வரிகளைக் காட்டினாய். குருத்தெலும்பைச் சவர அலகால் மெல்லிசாகச் சீவினாய். அதிலே கலங்கள் சின்னச் சின்னக் குழிகளில் இரண்டிரண்டாகக் குந்தியிருந்தன. "பாரு, உன்னையும் என்னையும் மாதிரி" என்றாய். நான் சிரித்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

நாம் பெரிதாகச் சண்டை பிடித்தது இரத்தத்தைப் பற்றித்தான். இரத்தமும் ஓர் இழையம், ஒரு திசு என்றாய். ஓடுகிற சாமான் எப்படி இழையமாகும் என்று நான் விடவில்லை. தசைக்கு உருவம் இருக்கிறது, தோலுக்கு இருக்கிறது, இதற்கு என்ன இருக்கிறது? நீ புத்தகத்தைத் திறந்து காட்டினாய்: தொடுப்பிழையம் என்ற வகைக்குள் எலும்பு இருந்தது, கொழுப்பு இருந்தது, இரத்தமும் இருந்தது. அச்சடித்தவன் பிழைவிட்டிருப்பான் என்றேன். மறுநாள் நீ ஆட்டுத் தொடை எலும்பைப் பிளந்து, உள்ளே இருந்த சிவந்த மச்சையைப் பூசிச் சாயமிட்டு என் முன்னால் வைத்தாய். பார்த்தேன். ஒரே சன நெரிசல். பெரிய பெரிய கலங்கள், கலம் முழுவதையும் அடைத்துக்கொண்ட உருண்டைக் கரு, ஓரத்தில் நூலளவு நீலம். இவைதான் இரத்தத்தின் குஞ்சுகள், வளர்ந்து முடியும்வரை வெளியே வராது என்றாய். அன்றைக்குத்தான் நான் வாயை மூடினேன்.

அதற்குப் பிறகு அடுத்த மழையோடு காய்ச்சல் திரும்பி வந்தது. வில்கமுவப் பக்கமிருந்து சிலைட்டுகள் கட்டுக்கட்டாக வந்து குவிந்தன. ஒரு காலை புதுச் சாயம் கலக்கினோம், உன் முறை. நீ சில நாளாகவே களைத்துத்தான் இருந்தாய். வேலை கூடிவிட்டது, யார்தான் களைக்கவில்லை? உன் விரலைக் குத்தி நான்தான் பூசினேன், நான்தான் முதலில் பார்த்தேன். படலம் முழுக்க ஊதாவாகக் கிடந்தது. வெண்குழியம் இப்படி நெருக்கியடிக்குமா? சாயம் கெட்டுவிட்டது, தண்ணீர் சரியில்லை என்று சொல்லி முழுவதையும் கவிழ்த்து ஊற்றிவிட்டு மறுபடி கலக்கினேன். நீயும் நான் தண்ணீரை ஒழுங்காக வடிகட்டவில்லை என்று ஏசினாய். சாயத்தைத் திட்டத்தான் நமக்குத் தெரியும், அது நம் தொழில் புத்தி. இரண்டாவது படலமும் அப்படியே வந்தது. என் விரலைக் குத்திப் பூசிப் பார்த்தேன். அது ரோஜா நிறத்தில் சுத்தமாக இருந்தது.

நீ என்னை எழும்பச் சொல்லிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தாய். வெகுநேரம் பார்த்தாய். சிலைட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்தினாய்.

"இது எலும்புக்குள்ள ஈக்க வேண்டிய ஆக்கள் மச்சான்" என்றாய். "ஏன் வெளிய வந்திருக்காங்க?"

எனக்கும் விளங்கியது. அந்தக் கலங்களை நீயேதான் எனக்குக் காட்டித் தந்திருந்தாய், ஆட்டெலும்பில். பெரியாஸ்பத்திரி டாக்டர் கண்டிக்கு அனுப்பினார், கண்டியிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே பெயர் வைத்தார்கள், இரத்தப் புற்றுநோய் என்று. இரத்தம் ஏற்றினார்கள், மருந்து தந்தார்கள், கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏன் அனுப்பினார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அலுவிகாரையில் உன் வீட்டுக்கு நான் வாராவாரம் சைக்கிளில் வருவேன். உன் உம்மா பிளேன்டீ தந்துவிட்டு உள்ளே போகும்வரை காத்திருப்பாய். பிறகு விரலை நீட்டுவாய். நான் குத்தி, பூசி, ஆபீசுக்குப் போய்ச் சாயமிட்டுப் பார்த்து, திரும்பி வந்து சொல்ல வேண்டும். டாக்டர்கள் ஆறுதல் சொல்கிறார்கள், உண்மை சொல்வதில்லை என்பது உன் முறைப்பாடு. "உம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன். எனக்கு நீ சொல்லு. பொய் சொன்னா கண்டுபிடிச்சிருவேன், நீ பொய் சொல்லத் தெரியாத மடையன்" என்றாய். அதைவிடப் பாரமான வேலையை யாரும் எனக்குத் தந்ததில்லை. உன் வீட்டிலிருந்து டவுனுக்குப் போகும் வழியெல்லாம், இந்த முறையாவது செங்குழியம் கூடியிருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டுவேன். உன் அல்லாஹ்வையும் வேண்டினேன், சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லை. சில வாரம் கூடியது. அப்படியான நாளில் சைக்கிள் தானாகவே ஓடும். பிறகு கூடவில்லை.

கடைசியாகப் பூசிய நாளில் உன் விரலில் இரத்தம் வரவே நேரமெடுத்தது. வந்ததும் தண்ணீர் மாதிரி இருந்தது. ஆபீசில் கண் வைத்துப் பார்த்துவிட்டு, அந்த மேசையிலேயே தலையை வைத்து அழுதேன். உன் நாற்காலி காலியாக இருந்ததால் யாருக்கும் வெட்கப்படவில்லை. திரும்பி வரும்போது அலுவிகாரை வளைவில் சைக்கிளை நிறுத்தி, என்ன பொய் சொல்லலாம் என்று நின்று யோசித்தேன். ஒரு பொய்யும் வாயில் வரவில்லை.

நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். என்ன தெரிகிறது என்று கேட்டாய்.

"சிவப்பத் தேடித்தான் பாக்கணும்" என்றேன்.

என் பக்கம் திரும்பிப் படுத்தாய். பிறகு, "சாயம் நல்லாப் புடிச்சிருந்திச்சா?" என்று கேட்டாய்.

"நல்லா புடிச்சிருந்துச்சு. ஒவ்வொரு கருவும் தனித்தனியா தெரிஞ்சது."

"அப்ப சரி. அந்த சிலைட்டக் கழுவிப் போடு. வில்கமுவக்குப் பத்தாது" என்றாய்.

மூன்றாம் நாள் உன்னை மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். ஆண்கள் கூட்டத்தோடு நானும் நடந்தேன், மண்ணும் போட்டேன். மறுநாள் ஆபீசில் உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. வெளிச்சமான ஜன்னல் பக்கம் எனக்குக் கிடைத்தது, நான் அதில் உட்காரவில்லை. சிலைட் தட்டுப்பாடு உண்மைதான். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சாமான், காய்ச்சல்காரர்களோ வரிசையில் நின்றார்கள். உன் கடைசிப் படலத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டேன். தேய்த்தேன். ஒரு தேய்ப்பில் போகவில்லை, சாயம் நன்றாகப் பிடித்திருந்தது. பிறகு போயிற்று. துடைத்து மற்றவற்றோடு அடுக்கினேன். அடுத்த பஸ்ஸில் அந்தக் கட்டு வில்கமுவவுக்குப் போயிற்று, அங்கே உன் சிலைட் யாரோ ஒருவருடைய இரத்தத்தைச் சுமந்திருக்கும்.

உன் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. நாம் இருவரும் சேர்ந்து படம் எடுக்கவே இல்லை. தினமும் பார்க்கிற முகத்துக்குப் படம் எதற்கு என்று இருந்துவிட்டோம். இப்போது உன் முகத்தை நினைக்கப் பார்க்கிறேன். மூக்கு வந்தால் கண் வருவதில்லை, கண் வந்தால் சிரிப்பு வருவதில்லை. ஆனால் அந்தக் கடைசிப் படலத்தைக் கேள், இன்றைக்கும் பென்சிலால் வரைந்து காட்டுவேன். எந்தக் கலத்துக்குப் பக்கத்தில் எந்தக் கலம், எந்தக் கரு நடுவில் குழிந்திருந்தது, எல்லாம் தெரியும். உன் உயிரைக் கொண்டுபோன அந்த ஆட்களை உன் முகத்தைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன் மச்சான். வெறுக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. அவர்களும் உன் உடம்பில் பிறந்தவர்கள்தானே. உன்னுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அவர்கள் மட்டும்தான்.