பாதி சிலிண்டர் காற்று

பட்டினப்பாக்கம் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது: எனது சைக்கிளின் பின் டயர் இன்று காலை சாந்தோம் சாலையில் ஆணி தைத்து இயற்கை எய்தியது. முன் டயரைத் தீராத் துயரில் விட்டுச் சென்றுள்ளது.

சிரிக்காதே மச்சி. அது உயிரை விட்ட சத்தத்தில்தான் நீ நினைவுக்கு வந்தாய். ‘ஸ்ஸ்ஸ்...’ பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகாமல் அப்படியே ஓரமாக நின்றுவிட்டேன்.

போன வருடம் படகில் அதே சத்தத்தைக் கேட்டது நாம் இரண்டு பேர் மட்டும்தான். அந்தமானில் யாரும் குடியிராத அந்தப் பாதுகாக்கப்பட்ட தீவைச் சுற்றி, பவளப்பாறையில் சிக்கிக் கிடந்த அறுந்த வலைகளை எடுக்க அனுமதி வாங்கி ஒரு குழு போனது. வலை முடிச்சு தெரிந்தவர்கள் வேண்டும் என்று நம் குப்பத்திலிருந்து நம்மைச் சேர்த்தார்கள். அடையாறில் ஒரு நீச்சல் குளத்தில், முதுகில் காற்று சிலிண்டர் மாட்டி முக்குளிக்கப் பயிற்சி. பிணம்போல் மிதந்து, குழுத் தலைவர் அண்ணனை அலற வைக்க நான் கற்றுக்கொண்டேன். நீ விதிகளைக் கற்றுக்கொண்டாய். ஜோடியில் ஒருவன் கட்டைவிரலை மேலே காட்டினால் இருவரும் மேலே போக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

"கீய இன்னா வேலை கீதோ, அப்டியே வுட்டுட்டு வரணும். வெளாட்டுக்குக் காட்டுனே, மவனே, கொன்னுடுவேன்" என்றாய்.

மூன்றாம் நாள், பத்து மீட்டர் ஆழத்தில், நைலான் வலைக்குள் ஓர் ஆமை. உயிரோடு. மூச்சு வாங்க மேலே போக முடியாமல் கழுத்தை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. நான் வலையைப் பிடித்துக்கொள்ள, நீ கத்தியால் அறுத்தாய். துடுப்புபோன்ற ஒரு கால் விடுபட்டது. இன்னொன்றை மூன்று சுற்று நைலான் இறுக்கியிருந்தது.

அப்போது நான் கட்டைவிரலைத் தூக்கினேன்.

நீ ஆமையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். கத்தியை உறையில் போட்டாய்.

படகில் ஏறும் முன்பே ஆமை கிடந்த இடத்தைக் காட்டிக் கத்தினாய். வேறு இருவர் குதித்தார்கள். நீ தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. நான் என் முகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு படகின் மறுபக்கம் ‘புஃப்’ என்று ஒரு மூச்சு. நீருக்கு மேலே ஆமைத் தலை! எல்லோரும் கூச்சலிட்டபடி அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். நீ மட்டும் குனிந்து, உன் மூச்சுக் குழாயில் காற்றைத் திறந்துவிடும் பொத்தானை அழுத்திப் பிடித்தாய். ஸ்ஸ்ஸ். சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்புக்கு இறங்கும்வரை விடவில்லை.

"பாதில ஏன்டா வந்தீங்க?" என்றார் அண்ணன்.

"எனுக்குக் காத்து தீந்துபோச்சுண்ணே. மீட்டரப் பாக்கவேயில்ல. இவன்தான் பாத்து இட்டாந்தான்."

காற்றைக் கவனிக்காதவனை அண்ணன் மறுபடி கடலில் இறக்குவதில்லை. அடுத்த பயணத்துக்கு என்னை மட்டும் கூப்பிட்டார். ஊர் திரும்பும் கப்பலில் உன்னிடம் "ஏன் மச்சி?" என்று கேட்டேன்.

"ஏன்னு கேக்கக் கூடாது. ரூல்ஸ்" என்றாய்.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அக்காக்கள் எல்லோரிடமும் உன் உயிரை நான் காப்பாற்றிய கதையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒரு சுறாவைச் சேர்த்தேன். நீ பக்கத்தில் நின்று தலையாட்டிவிட்டு, என் காதில் மட்டும், "சுறா மூணாச்சு, போதும்டா" என்றாய்.

மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. அன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடல்ல காப்பாத்திக் குடுத்தியே நைனா, இங்க நம்மால முடியலியே" என்றார். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை.

இன்று சாயங்காலம் அதைச் சொல்ல அவரிடம் போகிறேன். அதற்கு முன் உன்னிடம் ஓர் ஒத்திகை.

சுறா ஒன்றுகூட இல்லை. உன் சிலிண்டரில் பாதிக் காற்று இருந்தது. என்னுடையதிலும் இருந்தது. விடுபட்ட துடுப்பால் ஆமை என் முகத்தில் ஓர் அறை விட்டது. முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியதும் நான் "அம்மா" என்று அலறினேன். வெறும் குமிழிதான் வந்தது. பயத்தில் என் விரல் தானாக மேலே போய்விட்டது மச்சி.