மாதுளைச் சிவப்பு

வாகமண்,
ஜனவரி 11

பிரியமுள்ள இச்சாயனுக்கு,

இங்கே சுகம். போனில் பேசினால் நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மஸ்கட் வர விசா வந்துவிட்டது, தெரியும். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் லீவு நாட்களில் மட்டும்தான் குடும்பம் நடத்தியிருக்கிறோம், அதுவும் தெரியும். ஆனால் என் படங்கள் இந்த மலையில் அல்லவா இருக்கின்றன? பாறையைப் படம் எடுத்தால், அதன் அடியில் பூத்த பூவைப் பறித்துச் சாறு பிழிந்து தாளில் பூசுகிறேன். மேலே அந்தப் படத்தின் பிலிமை வைத்து வெயிலில் கிடத்துகிறேன். வெயில் பட்ட இடம் வெளுக்கிறது, நிழலில் நிறம் நிற்கிறது. மஸ்கட்டில் எதைப் பறிப்பேன்?

மார்ச்சில் கொச்சியில் என் கண்காட்சி. வருவீர்களா? நான் எடுத்த ஒரு பாறையின் பிலிமை இத்துடன் வைத்திருக்கிறேன், சும்மா பார்க்க.

உங்கள் மெர்லி

மஸ்கட்,
பிப்ரவரி 2

அன்புள்ள மெர்லி,

மார்ச்சில் லீவு கிடைக்காது. மன்னித்துக்கொள்.

தாளை எப்போது வெயிலிலிருந்து எடுப்பாய் என்று ஒருமுறை கேட்டேன். "எடுக்கணும்னு தோணும்போது" என்றாய். நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவன். எனக்குத் தோன்றியபடி கொடுத்தால் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவான். வெயிலுக்கு இங்கே பஞ்சமா? நீ வர மனமில்லாமல் பூவைச் சாக்குச் சொல்கிறாயோ என்று சில நாள் நினைத்துவிடுகிறேன். கோபம் இல்லை. தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

உன் இச்சாயன் குரியாச்சன்

மஸ்கட்,
மார்ச் 9

அன்புள்ள மெர்லி,

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். மாதுளம்பழம் வாங்கிப் பிழிந்து தாளில் பூசி, உன் பிலிமை வைத்து மொட்டைமாடியில் போட்டேன். முதல் தாளுக்குக் கடிகாரம் பார்த்தேன். மொத்தமும் வெளுத்துப்போயிற்று. அறைத்தோழன் சுகுணன், "என்ன சேட்டா, அப்பளம் காயுதா?" என்றான்.

இரண்டாவது தாள் வெயிலில் கிடந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாதி டீயில் எழுந்துபோய்த் தாளை எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே. அதைத்தான் அனுப்புகிறேன்.

நீ இங்கே வர வேண்டாம், மெர்லி. மனதார எழுதுகிறேன். தாளோடு வெயிலில் உட்காரும்போது அங்கே உனக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் புரிந்துவிட்டது.

குரியாச்சன்

வாகமண்,
ஏப்ரல் 4

பிரியமுள்ள இச்சாயனுக்கு,

கண்காட்சி நன்றாக நடந்தது. நல்ல கூட்டம். திரும்பி வந்ததும் உங்கள் பார்சலைப் பிரித்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன். சாறு திட்டுத்திட்டாக இருக்கிறது, ஓரத்தில் உங்கள் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. ஆனால் பாறை! அப்போதுதான் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தது போல நிற்கிறது. இத்தனை நாள் பார்த்தும் அதை நான் இப்படிப் பார்த்ததில்லை. அந்தச் சிவப்பு என் மலையில் இல்லை.

யோசிக்கவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மலையிறங்கி ஈராட்டுப்பேட்டைக்குப் போய் மஸ்கட்டுக்கு டிக்கெட் போட்டேன். "ஜூன்லயா? அங்க வெந்துபோயிடுவீங்களே, சேச்சி" என்றான் டிக்கெட்காரன். இங்கே மழை பிடித்துவிட்டால் எனக்கு வெயில் ஏது? மழைக்காலம் முழுக்க அங்கே இருப்பேன். அக்டோபரில் திரும்பிவிடுவேன், அழக் கூடாது. அடுத்த மழைக்கு மறுபடி வருவேன்.

மொட்டைமாடியில் நல்ல வெயில் விழும் இடம் எனக்கு. சுகுணனிடம் சொல்லிவையுங்கள், இனி அங்கே துணி காயப்போடக் கூடாது.

உங்கள் மெர்லி