எயினன் காரி உயிரோடிருக்க அருளிய ஓலை

வெற்றி பெருகுக. ஏழ்கடல் கொண்டவரும், அவற்றுள் ஒன்றையேனும் விரைவில் நேரில் கண்டருள இருப்பவருமான மருதவெளிப் பேரரசர் விண்தாங்கியார் திருவாணைப்படி, அமைச்சன் நன்னாகன் எழுதும் ஓலை. ஆற்றூர்ச் சபையார் நீரும் நெல்லும் குறையாது வாழ்ந்து, இதனைக் காண்க.

உங்களூர் ஓடக்காரன் எயினன் காரி, மீன் விற்கும் வெள்ளைச்சியை மணக்க விரும்ப, நீங்கள் தடுத்தீர்கள். அவன் போரில் மாண்டானென்று அரசர் நட்ட வீரக்கல் ஊரெல்லையில் நிற்கிறது. செத்தவனுக்குப் பெண் கொடுக்கும் வழக்கமில்லை. கல்லைப் பிடுங்கினாலோ ராஜத்துரோகம் என்று கையைப் பிசைந்து, அவனையே இங்கு அனுப்பினீர்கள். ஓடத்தில் ஏறுகையில் அவனை உயிருள்ளவனாகவும், பெண் கேட்கையில் செத்தவனாகவும் கொண்ட உங்கள் நுண்ணறிவை அவை வியந்தது.

யானையை வெட்டி வீழ்த்தியதாகக் கல்லில் செதுக்கியிருக்கிறதே என்று கேட்டபோது காரிக்குக் கூச்சமாயிருந்தது. “நான் படைக்குத் தோல்பையில தண்ணி சுமந்தவனுங்க. அது நம்ம யானை. மிரண்டு ஓடிச்சு, அதுக்கு முன்னால நான் ஓடினேன், ஆத்துல விழுந்தேன்” என்றான். எதிர்க்கரையில் பகைநாட்டு ஓடக்காரன் ஒருவன் அவன் தலைமுடியைப் பற்றித் தூக்கி, கஞ்சி ஊற்றி, துடுப்புப் போடவும் கற்றுக்கொடுத்தான். ஈராண்டு கழித்து ஊர் திரும்பியபோது, தன் கல்லுக்குப் படைத்த ஆட்டுக்கறி ஆறிக்கொண்டிருக்கக் கண்டு, பசிக்கு அதைத் தின்றான். அதுமுதல் ஆறு, ஓடம், வெள்ளைச்சியின் வசவு என்று ஒரு குறையுமின்றி இருக்கிறான்.

அவைப் புலவர்கள் ஆராய்ந்து, அரசர் நட்ட கல் பொய்க்கலாகாது, ஆகவே காரி பெரிய மனது வைத்து இறந்துவிடுவதே எல்லோர்க்கும் எளிது என்றனர்.

“மூணு நாளா ஓடம் கட்டிக் கிடக்குதுங்க சாமி. சந்தைக்குப் போற சனம் கரையில நிக்கும். வெள்ளைச்சி கூடையோட நிப்பா. மீன் நாறிப்போனா என்னைத்தான் ஏசுவா. சாகுறதுக்கு இப்ப நேரமில்லீங்க” என்று காரி கும்பிட்டான்.

அரசர் சிரித்தருளினார். பிறகு, போருக்குப் போய் மீண்ட படையாள் ஒருவனை இத்தனை அருகில் இன்றுதான் பார்க்கிறோம் என்றார்.

ஆகவே ஆணையாவது: கல் நின்றபடி நிற்க. யானையைக் கொன்ற வீரன் இறந்தவனே. ஓடக்காரன் காரிக்கோ உயிரோடிருக்க அனுமதி அளிக்கப்பட்டது. போர் முடிந்த நாள்முதல் இதுவரை அனுமதியின்றி உயிர்வாழ்ந்த குற்றமும் மன்னிக்கப்பட்டது. வரும் வளர்பிறையில் மணம் முடிக்க. சபையார் தவறாது சென்று, வயிறார உண்டு வாழ்த்துக.

இவ்வோலையைக் கொண்டு வருபவன் காரியே. கரையில் காத்திருப்போரை முதலில் அவன் அக்கரை சேர்க்கட்டும். ஓலையைப் பிறகு படித்தால் போதும்.

கொக்கு இலச்சினை இட்டோம்.